"அடுத்த கேள்வி" என்று சொன்னவன்

சீசன் தொடங்குவதற்கு முன் நடக்கும் பத்திரிகையாளர் சந்திப்பை இந்த வருடம் நீங்கள் நடத்தப்போகிறீர்கள். ஐந்து பேரும் நன்றாகப் படித்தவர்கள். ஊடகப் படிப்பில் பட்டம் வாங்கியவர்கள் உங்களில் மூன்று பேர். என்னைக் கூப்பிட்டு, பழைய கதைகள் ரெண்டு சொல்லுங்க சார், கொஞ்சம் ஜாலியா இருக்கட்டும் என்றீர்கள். ஜாலியாக இருக்காது. நீங்கள் அனுப்பிய நிகழ்ச்சி நிரலைப் படித்தேன். நிருபர்கள் கேள்விகளை முதல் நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும், அவற்றிலிருந்து நீங்கள் பொறுக்கி எடுப்பவற்றுக்கு மட்டும்தான் மேடையில் பதில் என்று அதில் போட்டிருக்கிறது. அதைப் படித்த நேரத்திலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. கோபமாகத்தான் பேசப்போகிறேன். அதற்காக வருத்தம் தெரிவிக்கப்போவதில்லை.

உங்கள் மேல் மட்டும் இருக்கிற கோபம் இல்லை இது. அந்த யோசனையின் தகப்பன் நான்தான். எப்படி என்று கேளுங்கள்.

அப்போது நம் கல்லூரி கால்பந்து லீக்கில் ஆறே அணிகள். பத்திரிகையாளர் சந்திப்பு என்று ஒன்று கிடையாது. எந்த அணிக்கு யார் கேப்டன் என்பதுகூட பேப்பரில் தப்பாக வரும். கோச்சுகள் பத்திரிகை ஆபீசுக்குப் போய்ச் சண்டை போடுவார்கள். உங்களில் ஒருத்தராவது எங்களிடம் வந்து சொன்னீர்களா என்று பத்திரிகைக்காரர்கள் திருப்பிக் கேட்பார்கள். நான் அப்போது ஒரு கல்லூரியில் உடற்கல்வித் துறையின் அலுவலக எழுத்தர். தமிழில் தப்பில்லாமல் எழுதுவேன் என்ற ஒரே காரணத்துக்காக, எல்லாரையும் ஒரு இடத்தில் உட்கார வைக்கும் வேலையை லீக் செயலாளர் என் தலையில் கட்டினார்.

இயற்பியல் துறையின் வகுப்பறை ஒன்றைக் கேட்டு வாங்கினேன். ஆறு கோச்சுகள், நான்கு நிருபர்கள். மாணவர்கள் உட்காரும் பெஞ்சில் கோச்சுகள் முழங்காலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். டீயும் மசால் வடையும் கொடுத்தோம். மைக் கிடையாது, பேனர் கிடையாது.

அந்த ஆறு பேரில் ஒருவர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அப்படிப்பட்டவர்களை நம் ஊரில் சொல்தா என்போம். அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, சொல்தா என்றுதான் கூப்பிடுவார்கள். போன வருடம் கடைசி ஆட்டத்தில் ஏன் கைகலப்பு வந்தது என்று ஒரு நிருபர் கேட்டார். சொல்தா எழுந்து, எதிரே உட்கார்ந்திருந்த கோச்சைக் காட்டி, இவர் அணியில் ஆடுகிற இரண்டு பேர் கல்லூரி மாணவர்களே இல்லை என்றார். அந்தக் கோச்சும் எழுந்தார். பெஞ்ச் சரிந்தது. டீ கொட்டியது. ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடிக்கப்போன நேரத்தில் நான் நடுவில் புகுந்து இரண்டு கையையும் தட்டி, உரக்கச் சொன்னேன்: "அடுத்த கேள்வி."

அடங்கிவிட்டார்கள். எனக்கே ஆச்சரியம். செயலாளர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார். கமால் பாய் இருந்தால் கூட்டம் கட்டுக்குள் இருக்கும் என்று அன்றைக்கே எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது.

சொல்தா சொன்னது உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை. நிருபர்களும் விட்டுவிட்டார்கள். சீசன் முடிந்து வெகுநாள் கழித்து, அந்த இரண்டு பேரும் மாணவர்கள் இல்லை என்று வெளியே வந்தது. அவர்களுக்காக வருடம் முழுவதும் ஓரத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு மாணவர்களுக்குப் படிப்பே முடிந்துபோயிருந்தது. அவர்கள் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அந்தப் பாடம் அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைத்ததோ வேறு பாடம். ஒரு கேள்வியைக் கொல்ல இரண்டு சொற்கள் போதும் என்பது.

அதற்குப் பிறகு அதில் நான் கைதேர்ந்தவன் ஆனேன். அணிகள் எட்டாயின. வகுப்பறை போய்க் கல்லூரி அரங்கம் வந்தது. அதுவும் போய்க் கடற்கரைப் பக்கம் ஓட்டல் ஹால் வந்தது. கேப்டன்கள் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார்கள். பின்னால் நிற்க வைத்துப் படம் எடுக்க ஒரு பெரிய பேனர் வைத்தோம். நிருபர்களுக்குத் துணிப்பையில் டீ-சர்ட்டும் டைரியும் கொடுத்தோம். சந்திப்புக்கு முதல் நாள் கோச்சுகள் எனக்குப் போன் செய்வார்கள். இன்ன விஷயம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள். சிலருக்கு மைதானத்தில் பிரச்சினை, சிலருக்கு வருகைப் பதிவில் பிரச்சினை. நான் எல்லாவற்றையும் ஒரு துண்டுத் தாளில் குறித்து வைத்துக்கொள்வேன். மேடையில் அந்தப் பக்கமாகக் கேள்வி திரும்பினால், சிரித்த முகத்தோடு வெட்டிவிடுவேன். யாருக்கும் வலிக்காது. இது ஒரு திறமை என்று நான் பெருமைப்பட்டேன். நிருபர்களும் பழகிப்போய், கேட்க வேண்டியதைக் கேட்காமல் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள். ஒரே ஒருத்தரைத் தவிர.

ஒரு சின்ன செய்தித் தளத்தின் நிருபர் அவர். எனக்கு மகள் வயது. பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், சொல்லமாட்டேன். மற்றவர்கள் என்னிடம் செய்தி வாங்கி எழுதுவார்கள். அவர் சாயங்காலம் மைதானத்துக்குப் போய் ஆடுகிற பையன்களோடு தரையில் உட்கார்ந்து பேசுவார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்காது.

இனி முகிலன் கதைக்கு வருகிறேன்.

கனகசெட்டிக்குளத்துப் பையன். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். வடக்குப் பக்கம் உள்ள ஒரு கல்லூரியில் கோல்கீப்பர், கேப்டனும் அவன்தான். அவ்வளவு உயரம் கிடையாது. ஆனால் பந்து எங்கே வரும் என்று உதைக்கிறவனுக்குத் தெரிவதற்கு முன் அவனுக்குத் தெரியும். அந்த வருடம் லீக்கின் பேனரிலேயே அவன் படம்தான், காற்றில் கிடையாகப் பாய்கிற படம்.

சந்திப்புக்கு முதல் நாள் அவனுடைய கோச் எனக்குப் போன் செய்தார். பயிற்சியில் ஒருத்தன் முழங்கால் முகிலன் தலையில் பட்டுவிட்டது என்றார். எப்போது என்று கேட்டேன். ஒரு வாரம் ஆகிறது, சின்ன அடிதான், நன்றாக இருக்கிறான் என்றார். டாக்டரிடம் காட்டினீர்களா என்று நான் கேட்கவில்லை. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், நான் கேட்கவில்லை. கேள்வி வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லித் துண்டுத் தாளில் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, மேடைக்குப் போகும் முன் கேப்டன்கள் எல்லாரும் ஹாலுக்குப் பக்கத்து அறையில் இருந்தார்கள். மற்ற ஏழு பேரும் கண்ணாடி முன்னால் நின்று டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். முகிலன் மட்டும் மூலையில், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் கேட்டான்:

"சார், அந்த லைட்ட கொஞ்சம் நிறுத்துறீங்களா? கண்ணு கூசுது."

ஒரு விளக்கை அணைத்தேன். முதல் ஆட்டம் யாரோடு என்று கேட்டான். சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதையே கேட்டான். எனக்கு உள்ளுக்குள் ஏதோ இடித்தது. இந்தப் பையனை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணமே, பேனரில் இருப்பவன் மேடையில் இல்லை என்றால் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். என்ன செய்தேன் தெரியுமா? ஒரு அட்டையை எடுத்து, பேச வேண்டியதை நானே மூன்று வரியில் எழுதிக் கொடுத்தேன். முதல் வரி, "நான் முழு உடல் தகுதியோடு இருக்கிறேன்." மறந்துவிட்டால் பார்த்துப் படி தம்பி என்றேன். அவன் எனக்கு நன்றி சொன்னான்.

மேடையில் எல்லாம் ஒழுங்காகப் போனது. முகிலன் முறை வந்ததும் அந்தப் பெண் நிருபர் எழுந்து, மெதுவாகத்தான் கேட்டார்.

"முகிலன், போன வாரம் பிராக்டீஸ்ல தலையில அடிபட்டு வாந்தி எடுத்தீங்களாமே. டாக்டர் பாத்தாரா?"

வாந்தி எடுத்த விஷயம் எனக்கே அப்போதுதான் தெரியும். ஹாலில் கேமரா வெளிச்சம். முகிலன் கோச்சைப் பார்த்தான். கோச் என்னைப் பார்த்தார். பையன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தி, அட்டையைப் பார்க்காமல், ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்.

நான் மைக்கில் சொன்னேன்: "இது சீசனைப் பத்தின சந்திப்பு. அடுத்த கேள்வி."

அவர் உட்காரவில்லை. சார், அவர் பதில் சொல்ல வர்றார் என்றார். மைக்கை நிறுத்தச் சொல்லிப் பின்னால் இருந்த மைக்செட்காரருக்குக் கை காட்டினேன். நிறுத்திவிட்டார். முன் வரிசையில் சிலர் சிரித்தார்கள். இன்னொரு நிருபர் புதிய ஜெர்சியின் நிறத்தைப் பற்றிக் கேட்டார். அதற்கு விரிவாகப் பதில் கிடைத்தது.

ஐந்தாம் நாள் அவன் அணிக்கு முதல் ஆட்டம். இரண்டாம் பாதியில் முகிலன் ஒரு பந்தைப் பாய்ந்து பிடித்தான். யாரும் அவனைத் தொடவில்லை. எழுந்தான். பந்தைக் கீழே வைத்தான். ஆட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத திசையில் நாலு அடி நடந்தான், உட்கார்ந்தான், அப்படியே சரிந்தான். நான் பந்தலில் உட்கார்ந்திருந்தேன். முதலில் எழுந்து ஓடியவர் சொல்தா. அவர் அணி அன்று ஆடவே இல்லை, பார்க்க வந்திருந்தார். பையனின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்சுக்குக் கத்தினார். நம் லீக்கின் ஆம்புலன்ஸ் மைதானத்தில் இல்லை. அது திறப்பு விழாவுக்கு மட்டும்தான் வரும்.

மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் அந்த முதல் அடியிலிருந்தே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அன்றைக்கே ஸ்கேன் எடுத்திருந்தால் சுலபமாகச் சரிசெய்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். தலையைத் திறந்து அறுவை செய்தார்கள். பையன் பிழைத்தான். வலது கை முழுதாகத் திரும்பவில்லை. பேச்சு உடைந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் அம்மாவைப் பார்த்தேன். மார்க்கெட்டிலிருந்து நேராக வந்தவர், புடவைத் தலைப்பு இன்னும் ஈரமாக இருந்தது. முதல் அடி பட்டதே அவருக்குத் தெரியாது. அம்மாவிடம் சொல்லாதே, பயப்படுவார்கள் என்று கோச் பையனிடம் சொல்லியிருக்கிறார். நான் போய் ஆறுதலாக ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"மைக் வச்சிருந்தது நீங்கதான? எம் பொண்ணு போன்ல வீடியோ காட்டுச்சு. அந்தப் பொண்ணு கேட்டுது. எம் புள்ள பதில் சொல்ல வாயத் தொறந்தான். அவன நீங்க பேசவே உடலியே சார், ஏன்?"

இத்தனை வருடம் எத்தனையோ கேள்விகளை வெட்டியவன் நான். இதை வெட்ட முடியவில்லை. அவர் காத்திருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கடைசியில் அவரே உள்ளே போய்விட்டார்.

மறுநாள் லீக் அலுவலகத்தில் கூட்டம். அறிக்கை எழுத வேண்டியவன் நான். "எதிர்பாராத உடல்நலக் குறைவு" என்று போடச் சொன்னார்கள். கோச் எதிரே உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு முன்பே தெரியும், இவர் போன் செய்தார் என்று நான் சொன்னேன். செயலாளர் என்னைத் தனியே அழைத்துப் போய், நீங்களும்தான் பாய் மாட்டுவீங்க என்றார். அவர் மிரட்டவில்லை. அக்கறையோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது. இத்தனை காலமும் நான் மற்றவர்களிடம் பேசியது இதே குரலில்தான்.

அறிக்கை எழுதவில்லை. கோச்சின் போன், துண்டுத் தாள், அறை விளக்கு, அட்டை, மைக்கை நிறுத்தச் சொன்ன கை, எல்லாவற்றையும் என் கையெழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, லீக் அமைத்த விசாரணைக் குழுவுக்குக் கொடுத்தேன். ஒரு நகலை எடுத்துக்கொண்டு அந்த நிருபரைத் தேடிப் போனேன். ஒரு மாடி அறையில் இரண்டு மேஜை போட்டது அவர்கள் ஆபீஸ். என்னைப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் ஒரு முறை படித்தார். பிறகு நோட்டைத் திறந்து கேட்கத் தொடங்கினார். போன் வந்தது காலையிலா மாலையிலா, அட்டையில் எழுதியது யார் யோசனை, மைக்கை நிறுத்தும்போது பையன் நிலை உங்களுக்குத் தெரியுமா தெரியாதா. தெரியாது என்று முதலில் சொன்னேன். விளக்கை அணைத்தது எதற்கு என்று கேட்டார். தெரியும் என்று சொன்னேன். அவர் என்னை மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. எழுதிக்கொண்டார். இந்தத் தொழிலில் எனக்கு ஒரு குரு உண்டு என்றால் அது அவர்தான். அறுபதை நெருங்கிய வயதில்தான் கிடைத்தார்.

செய்தி வந்தது. ஊரே பேசியது. விசாரணை அறிக்கை அலமாரியில் தூங்குகிறது. கோச் ஒரு சீசன் ஒதுங்கியிருந்துவிட்டுத் திரும்ப வந்தார். செயலாளர் இன்னும் பெரிய பதவிக்குப் போனார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நீங்கள் அவர்களோடுதான் தினமும் டீ குடிக்கிறீர்கள்.

அடுத்த வருட சந்திப்புக்கு வேறு ஆள் கிடைக்காததால் மறுபடி என்னையே மேடையில் நிறுத்தினார்கள். தொடங்கும்போதே சொல்லிவிட்டேன், இன்றைக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை மைக் அதே இடத்தில் இருக்கும் என்று. அந்தப் பெண் எழுந்தார். எட்டு கோச்சுகளிடமும் ஒரே கேள்வி, உங்கள் அணியில் தலையில் அடிபட்டவர் யாராவது இருக்கிறாரா. முதல் மூன்று பேர் இல்லை என்றார்கள். நாலாவது சொல்தா. வயதாகிவிட்டது, தடியூன்றிக்கொண்டு வந்திருந்தார். எழுந்து நின்று, "ஒருத்தன் இருக்கான். எங்க ஸ்ட்ரைக்கர். டாக்டர் சரின்னு எழுதிக் குடுக்குற வரைக்கும் எறக்கமாட்டேன், தோத்தாலும் பரவால்ல" என்றார். ஏற்கெனவே இல்லை என்று சொன்ன மூன்று பேரில் ஒருவர் கையைத் தூக்கினார். எங்கிட்டயும் ஒருத்தன் இருக்கான் சார் என்றார், தரையைப் பார்த்தபடி.

அந்த இரண்டு பையன்களும் இன்றைக்கு நல்லபடியாக இருக்கிறார்கள். ஒருவன் உடற்கல்வி ஆசிரியர். ஒரு கேள்வி, அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவிட்டால் நடப்பது இதுதான். புரிகிறதா?

அதுதான் என் கடைசி சந்திப்பு. பொன்னாடை போர்த்தி அனுப்பிவிட்டார்கள். பொன்னாடையின் அர்த்தம் எனக்குத் தெரியும். நானே எத்தனையோ பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வருடத்திலிருந்து கேள்வி நேரத்தைப் பாதியாக்கினார்கள். இப்போது நீங்கள் வாட்ஸ்அப் வடிகட்டியோடு வந்திருக்கிறீர்கள். நேரம் மிச்சமாகும், சங்கடம் வராது என்று சொல்வீர்கள். நானும் அதையேதான் சொன்னேன். சங்கடம் வரட்டும். கோச் முறைக்கட்டும். ஸ்பான்சர் எழுந்து போகட்டும். மைக் உங்கள் கையில் இருக்கும்போது உங்களுக்குப் பிடிக்காத ஒரு கேள்வி வந்தால், வாயை மூடிக்கொள்ளுங்கள். பதில் சொல்ல வேண்டியவன் சொல்லட்டும். இதைச் செய்ய முடியாதென்றால் இந்த வேலையை விட்டுவிட்டு வேறு ஏதாவது செய்யுங்கள்.

போன மாதம் பெரிய மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். முகிலன், தன் அம்மாவின் மீன் கடையில் உட்கார்ந்திருந்தான். இடது கையால் வஞ்சிரத்தை எடுத்துத் தராசில் வைத்தான். அவன் அம்மா என்னோடு பேசுவதில்லை, அன்றும் பேசவில்லை. அது நியாயம். முகிலன் என்னைப் பார்த்துவிட்டு, கையைக் காட்டி நிற்கச் சொன்னான். ஏதோ சொல்லத் தொடங்கினான். ஒவ்வொரு சொல்லாகத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது அவனுக்கு. பின்னால் நின்றவர்கள் பொறுமை இழந்தார்கள், கூடைக்காரர் ஒருவர் என்னை இடித்துக்கொண்டு போனார். நான் அசையவில்லை. அவன் சொல்லி முடிக்கும்வரை நின்றேன்.

"நான்... அன்னிக்கி... வெளாட மாட்டேன்னு... சொன்னேன் சார். கோச்சுகிட்ட. ரெண்டு... வாட்டி."

இது எந்தப் பேப்பரிலும் வரவில்லை. விசாரணைக் குழுவும் அவனைக் கேட்கவில்லை. இந்த வருட சந்திப்புக்கு அந்தக் கோச் வருகிறார், மூன்றாவது நாற்காலி அவருக்கு என்று உங்கள் பட்டியலில் போட்டிருக்கிறது. என் முதல் கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்: ஆடமாட்டேன் என்று முகிலன் உங்களிடம் இரண்டு முறை சொன்னானா, இல்லையா? அதை வாட்ஸ்அப்பில் அனுப்பமாட்டேன். நேரில் வந்து, எழுந்து நின்று கேட்பேன்.